ஆய்வு மாணவருக்குப் பயிற்சிப் பட்டறையும் கருத்தரங்கும் தேவைதானா?

கேள்வி, மார்ச் 2

முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டு. மகரந்தத் துகள்களை நுண்ணோக்கியில் அடையாளம் கண்டு எண்ணுவது என் வேலை. ஆய்வேடு முடியும்வரை பயிற்சி, கருத்தரங்கு என்று எங்கும் அலையாதே என்கிறார் நெறியாளர். எங்கள் ஆய்வகத்திலேயே இன்னொரு மாணவி ஒன்றையும் விடுவதில்லை. அவரிடம் ஒரு கோப்பு நிறையச் சான்றிதழ்கள் இருக்கின்றன. "நீ எதையெல்லாம் இழக்கிறாய் தெரியுமா" என்று கேட்கிறார். நான் புதியவர்களிடம் எளிதில் பேசுகிற ஆள் இல்லை. இரண்டில் எது சரி? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள் அக்கா, அண்ணா.

பதில், மார்ச் 2, இரவு

நான் நிலத்தடி நீர் ஆய்வில் இருக்கிறேன். ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருக்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகளில் பதினொரு பயிற்சிகளுக்குப் போனேன். இன்றைக்கு அவற்றில் எது என் கையில் நிற்கிறது என்று கேட்டால் மூன்றைத்தான் சொல்ல முடியும். உங்கள் நெறியாளர் சொல்வது பாதி சரி.

நின்ற மூன்றுக்கும் ஒரு பொது அம்சம் உண்டு. கற்றதை இரண்டு வாரத்துக்குள் என் சொந்தத் தரவில் பயன்படுத்தினேன். மற்றவற்றில் நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள், நல்ல பாடங்கள் இருந்தன. ஆனால் அந்த மாதம் எனக்கு அவற்றால் வேலை இல்லை. காப்புரிமை பற்றி ஒரு நாள் முழுக்கக் கேட்டேன், ஒரு வரி நினைவில் இல்லை.

நின்றவற்றில் ஒன்று சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி பாணிப் பட்டறை. 1998இல் கிரெக் வில்சனும் பிரென்ட் கோர்டாவும் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் தொடங்கியது அது. நிரல் எழுதப் படிக்காமலே நிரல் எழுத வேண்டிய நிலையில் இருக்கும் ஆய்வாளர்களுக்காக. பெரும்பாலும் இரண்டே நாள். பாடம் நடத்துபவர் ஸ்லைடு காட்டுவதில்லை. நம் கண்முன் ஒவ்வொரு வரியாக அடிக்கிறார், நாமும் கூடவே அடிக்கிறோம். அவருக்கும் பிழை வருகிறது, அதைச் சரிசெய்வதையும் பார்க்கிறோம். ஒவ்வொருவருக்கும் இரண்டு நிறத்தில் ஒட்டுத்தாள் தருவார்கள். சிக்கிக்கொண்டால் ஒரு நிறத்தை மடிக்கணினியின் பின்பக்கம் ஒட்டினால் போதும், உதவியாளர் நம்மிடம் வந்துவிடுவார். கையைத் தூக்க வேண்டாம், வாயைத் திறக்க வேண்டாம். புதியவர்களிடம் பேசத் தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு. அந்தத் தாள் எனக்கு எவ்வளவு நிம்மதி தந்தது என்பதை இன்னும் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாளே ஒரு கிணற்றின் மூன்று மாதத் தரவை எடுத்து அங்கே கற்றபடி வரைந்து பார்த்தேன். அதுவரை ஒரு வாரம் பிடித்த வேலை அது.

சான்றிதழ் சேர்ப்பதைப் பற்றி என் கருத்து: அது வெறும் தாள். யாரும் அந்தக் கோப்பைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

மார்ச் 3

பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். பதினொன்று இல்லை, ஒன்பது. இரண்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போகவே இல்லை. அந்த இரண்டு இடங்களும் வேறு யாருக்காவது கிடைத்திருக்கும் என்பது இப்போது உறுத்துகிறது. போக முடியாது என்று தெரிந்தவுடன் அமைப்பாளருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் யாரோ இருப்பார்.

மார்ச் 7

பயிற்சியைப் பற்றி எழுதினேன், ஆட்களைப் பற்றி எழுதவில்லை என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். சரிதான்.

"நெட்வொர்க்கிங்" என்ற சொல்லே எனக்கு ஒட்டவில்லை. காரியம் ஆக வேண்டி முகம் பார்த்துச் சிரிப்பது போல ஒரு கூச்சம். என் முதல் கருத்தரங்கில் அந்தக் கூச்சத்தோடுதான் நின்றேன். எங்கள் துறையின் பெரிய பெயர் ஒருவர் வந்திருந்தார். அவருடைய கட்டுரைகளைப் படித்துத்தான் இந்தத் துறைக்கே வந்தேன். இடைவேளையில் அவரைச் சுற்றி நின்ற கூட்டத்தின் ஓரத்தில் இருபது நிமிடம் காத்திருந்தேன். என் முறை வந்தபோது பெயரைச் சொன்னேன், உங்கள் கட்டுரைகள் மிகவும் பிடிக்கும் என்றேன். அன்பாகச் சிரித்தார், நன்றி சொன்னார், அதற்குள் அவரை யாரோ அழைத்துப் போனார்கள். அவ்வளவுதான். அவர்மேல் குறையே இல்லை. என்னிடம் அவரிடம் கேட்பதற்கு ஒரு கேள்வி இல்லை.

அன்று மாலை போஸ்டர் அமர்வு, அதாவது ஆளுக்கொரு போஸ்டரில் ஆய்வை ஒட்டிவைத்து அதன் பக்கத்தில் நிற்கும் நேரம். பக்கத்துப் போஸ்டருக்கு யாரும் வரவில்லை, என்னுடையதற்கும் வரவில்லை. அந்தப் பையனும் என்னைப் போலவே இரண்டாம் ஆண்டு. வேறு வழியின்றி ஒருவர் போஸ்டரை ஒருவர் படித்தோம். என் வரைபடத்தில் கிணற்று நீர்மட்டம் நாளுக்கு இரண்டு முறை லேசாக ஏறி இறங்கியது. காலையும் மாலையும் பம்பு போட்டு நீர் எடுப்பதன் விளைவு என்று அதற்கு விளக்கம் எழுதியிருந்தேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "காற்றழுத்தத்தை எப்படிக் கழித்தாய்?" என்று கேட்டான்.

கிணற்றுக்குள் தொங்கவிடும் லாகர், அதாவது அழுத்தத்தைத் தானாகப் பதியும் கருவி, மேலே இருக்கும் நீரின் அழுத்தத்தோடு காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே பதியும். காற்றழுத்தத்தைத் தனியாக அளந்து கழிக்க வேண்டும். நானும் கழித்திருந்தேன், ஆனால் நாள் சராசரியை. காற்றழுத்தமோ இயல்பாகவே ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்கும். நான் பம்பு என்று நினைத்தது காற்று. ஒரு முழு அத்தியாயம் அந்தப் பம்பின் மேல் நின்றுகொண்டிருந்தது.

அன்றிரவு அறைக்குப் போய் மணிவாரியாகக் கழித்துப் பார்த்தேன். ஏற்ற இறக்கம் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. கலங்கித்தான் போனேன். ஆனால் அதைச் சொன்னது தேர்வாளர் இல்லை, ஆய்விதழின் மதிப்பீட்டாளர் இல்லை. பக்கத்துப் போஸ்டர்க்காரன், அதுவும் இரண்டாம் ஆண்டிலேயே. இன்றுவரை எந்த வரைபடத்தையும் அவனுக்கு அனுப்பாமல் நான் வெளியிடுவதில்லை. அவனுடையவையும் எனக்கு வரும்.

மார்ச் 8

"அது தற்செயல், அதை எப்படித் திட்டமிடுவது?" என்று கேட்டிருக்கிறார் இன்னொரு நண்பர். அந்தப் பையன் அங்கே நின்றது தற்செயல்தான். ஆனால் அப்படிப்பட்ட தற்செயல் யாரிடமிருந்து வரும் என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு.

மார்க் கிரானொவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் "பலவீனமான பிணைப்புகளின் வலிமை" பற்றி எழுதினார். பாஸ்டனை ஒட்டிய ஒரு புறநகரில், தெரிந்தவர் மூலம் அண்மையில் வேலை மாறியவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம். அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். கேட்கப்பட்டவர்கள் ஐம்பத்துச் சொச்சம் பேர்தான், சிறிய எண்ணிக்கை. ஆனால் காரணம் புரிகிறது. நம்மோடு தினம் இருப்பவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். என் ஆய்வகத்தில் எல்லோருமே நாள் சராசரியைத்தான் கழித்துக்கொண்டிருந்தோம்!

மார்ச் 15

இங்கே படித்த ஒருவர் ஒரு திருத்தம் அனுப்பினார், நியாயமான திருத்தம். 2022இல் சயின்ஸ் இதழில் லிங்க்ட்இன் தளத்தை வைத்து ஓர் ஆய்வு வந்தது. இரண்டு கோடிப் பயனர்கள், ஐந்து ஆண்டு. பிணைப்பு பலவீனமாக ஆக ஆகப் பயன் ஏறிக்கொண்டே போகவில்லை. மிதமான பலவீனம்தான் வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியது. ஒரு எல்லைக்குக் கீழே போனால் பயனும் குறைந்தது. ஆக, நான் மார்ச் 8 அன்று எழுதியதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். ஒரே ஒரு முறை கைகுலுக்கிய நூறு பேர் வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு முறையாவது எழுதிக்கொள்கிற பத்துப் பேர் நல்லது.

அந்தப் பத்துப் பேர் எங்கிருந்து வருவார்கள் என்று யோசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது பேஜ் குழுவின் கதை. உயிரியல்காரர்களுக்குத் தெரிந்திருக்கும், எனக்கு இதைச் சொன்னதும் ஒரு உயிரியல் தோழிதான்.

1940களின் தொடக்கம். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை, அதாவது பேஜ்களை, வைத்து மரபியலைப் புரிந்துகொள்ளலாம் என்று சிலர் கிளம்பினார்கள். ஆளுக்கொரு வைரஸ், ஆளுக்கொரு பாக்டீரியா வகை. ஒருவர் முடிவை இன்னொருவர் முடிவோடு வைத்துப் பார்க்கவே முடியாது. இயற்பியலிலிருந்து வந்த மாக்ஸ் டெல்ப்ரூக் 1944இல் எல்லோரையும் ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். டி1 முதல் டி7 வரை ஏழு பேஜ்கள், ஈ. கோலை பாக்டீரியாவின் 'பி' வகை. இவற்றில் மட்டும் வேலை செய்வோம். அடுத்த ஆண்டு, 1945 கோடையில், நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இருக்கும் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் புதியவர்களுக்கு ஒரு செய்முறைப் பயிற்சி தொடங்கினார். 1970 வரை ஒவ்வொரு கோடையும் நடந்தது. லியோ சிலார்ட், அணுக்கருச் சங்கிலி வினையைக் கற்பனை செய்த அதே சிலார்ட், 1947இல் அங்கே மாணவராக வந்து உட்கார்ந்தார். அப்போது அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது.

எனக்கு இதில் மனத்தில் தைப்பது என்னவென்றால், அந்தப் பயிற்சியில் கற்றவர்கள் ஊர் திரும்பியபோது எல்லோர் மேசையிலும் ஒரே வைரஸ், ஒரே பாக்டீரியா, ஒரே செய்முறை. கடிதத்தில் ஒரு எண்ணை எழுதினால் எதிர்ப்பக்கம் உடனே சரிபார்க்க முடியும். அறிமுகம் என்று தனியாக யாரும் எதையும் செய்யத் தேவையில்லை. பயிற்சியே தொடர்பாகிவிட்டது. அந்தக் குழுவின் டெல்ப்ரூக், லூரியா, ஹெர்ஷே மூவருக்கும் 1969இல் நோபெல் கிடைத்தது. ஆனால் நான் பொறாமைப்படுவது அந்தப் பயிற்சி மேசையில் யாரோ ஒரு முதலாண்டு மாணவராக நின்றவரைப் பார்த்துத்தான்.

ஆகையால் ஒரு பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது பாடத்தலைப்பை மட்டும் பார்க்காதீர்கள். அங்கே வருபவர்கள் சேர்ந்து ஏதாவது செய்கிறார்களா? பக்கத்தில் இருப்பவரோடு ஒரே தரவைப் பிரித்து வேலை செய்ய வைக்கிறார்களா? அப்படியென்றால் போங்கள். முழுநாளும் உட்கார்ந்து கேட்பது மட்டும்தான் என்றால், அதன் பதிவை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 16

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். உட்கார்ந்து கேட்கும் பாடமும் சில நேரம் தேவை, அவருக்குப் புள்ளியியல் அப்படித்தான் புரிந்ததாம். ஒப்புக்கொள்கிறேன். அடிப்படையே இல்லாத இடத்தில் முதலில் கேட்கத்தான் வேண்டும்.

மார்ச் 29

நெறியாளர் விஷயத்துக்கு வருகிறேன். இதை ஏன் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன் என்றால், என் நெறியாளரோடு எனக்கே ஒரு பெரிய மனத்தாங்கல் நடந்தது. இரண்டாம் ஆண்டு இறுதியில் ஒரு வாரக் கோடைப் பள்ளிக்குப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். அவருக்கு நான் வளர்வது பிடிக்கவில்லை என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது. அந்த வாரம் களப்பணியின் கடைசி வாரம். லாகர்களை எடுக்க வேண்டியது நான். நான் போயிருந்தால் ஒரு பருவத்தின் தரவு போயிருக்கும். நான் தேதியைச் சொன்னேன், ஏன் என்பதைச் சொல்லவே இல்லை. அவரும் வேண்டாம் என்று மட்டும் சொன்னார், காரணத்தைச் சொல்லவில்லை.

அடுத்த முறை ஒரு பக்கம் எழுதி எடுத்துப் போனேன். இந்தப் பயிற்சி எந்த அத்தியாயத்துக்கு உதவும், எத்தனை வேலை நாட்கள் போகும், அந்த நாட்களில் ஆய்வகத்தில் என் பொறுப்பை யார் பார்ப்பார், திரும்பி வந்து என்ன செய்து காட்டுவேன். கடைசி வரிதான் அவர் முகத்தை மாற்றியது. திரும்பி வந்ததும் ஆய்வகத்தில் எல்லோருக்கும் இரண்டு மணி நேரம் சொல்லித் தருகிறேன் என்று எழுதியிருந்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த இரண்டு மணி நேரத்தில் முன்வரிசையில் அவரே உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

பயிற்சி என்பது ஆய்விலிருந்து திருடும் நேரம் இல்லை என்று சொல்ல உங்களுக்கு ஓர் ஆதாரமும் உண்டு. பிரிட்டனில் 2002இல் வந்த ராபர்ட்ஸ் அறிக்கை, ஒவ்வொரு ஆய்வு மாணவருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு வாரம் தனிப் பயிற்சி வேண்டும், அதிலும் முக்கியமாக எந்த வேலைக்கும் பயன்படும் திறன்களில் வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஐரோப்பாவின் மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரி முனைவர் வலையமைப்புகளில் ஆய்வுக் காலத்தின் மூன்றில் ஒரு பங்குவரை வேறு நிறுவனத்தில் போய் வேலை செய்யலாம். அப்படி அனுப்புவதே அந்தத் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. ஆண்டுக்கு இரண்டு வாரம் என்பது கணக்கில் பெரிதில்லை. களப்பணி நடக்கும் மாதத்தில் வேண்டாம், ஆய்வேட்டின் கடைசி மூன்று மாதத்தில் வேண்டாம். இந்த இரண்டு எல்லையையும் நீங்களே முதலில் சொல்லிவிட்டால் பேச்சு எளிதாகும்.

ஏப்ரல் 11

"கைக்குழந்தையோடு ஆய்வு செய்கிறேன். நீங்கள் சொல்லும் ஒரு வாரப் பள்ளி எதற்கும் என்னால் போக முடியாது" என்று ஒரு அக்கா எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுதவில்லை. நான் மேலே எழுதியது எல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடிந்தவர்களுக்கான பேச்சு. அது என் கண்ணில் படவே இல்லை.

எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். கருத்தரங்கு அமைப்பாளர்கள் பலர் இப்போது குழந்தைப் பராமரிப்புக்கு உதவித்தொகை தருகிறார்கள், அல்லது அரங்கிலேயே ஏற்பாடு செய்கிறார்கள். அறிவிப்பில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும். இல்லையென்றாலும் கேளுங்கள். நீங்கள் கேட்டதால் அடுத்த ஆண்டு அது வந்த கதைகள் உண்டு. பயண உதவித்தொகையின் கடைசித் தேதி பல இடங்களில் பதிவின் கடைசித் தேதிக்கு வெகு முன்னாலேயே முடிந்துவிடும். ஆய்வுச் சுருக்கம் அனுப்பும் அன்றே அதையும் பாருங்கள். மாணவத் தொண்டராகச் சேர்ந்தால் கட்டணம் தள்ளுபடி செய்யும் கருத்தரங்குகளும் நிறைய. பெயர் அட்டை கொடுக்கும் மேசையில் நின்றால் வருகிற அத்தனை பேரையும் ஒரு முறை பார்த்துவிடலாம். பேசத் தயங்குபவர்களுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அவர்கள்தான் நம்மிடம் வருகிறார்கள்.

இணையவழி நிகழ்வுகளில் பெரிய அரங்கு வேண்டாம். ஆறு பேர், எட்டுப் பேர் சேர்ந்து எழுதும் குழு தேடுங்கள். இருபத்தைந்து நிமிடம் எல்லோரும் மௌனமாக எழுதுவது, ஐந்து நிமிடம் பேசுவது. என் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அப்படி வந்ததுதான். அந்த ஐந்து நிமிடங்களில் பேசிப் பேசி ஒருவர் எனக்கு நெருங்கிய தோழியானார். நேரில் இன்னும் பார்த்ததில்லை.

ஏப்ரல் 12

எச்சரிக்கை ஒன்று, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். முதலாண்டில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "தங்கள் மேன்மையான ஆய்வைக் கண்டோம், சிறப்புப் பேச்சாளராக வருக" என்று. அப்போது நான் ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை. மகிழ்ச்சியில் அதை யோசிக்கவில்லை. பணம் கட்டிப் போனேன். ஒரே அரங்கில் பல் மருத்துவமும் உலோகவியலும் நிலத்தடி நீரும். நான் பேசும்போது பன்னிரண்டு பேர் இருந்தார்கள், ஒவ்வொருவரும் தன் முறைக்குக் காத்திருப்பவர். கேள்வி நேரமே இல்லை.

இப்போது எனக்கு இருக்கும் சோதனை எளிது. நான் மேற்கோள் காட்டும் ஆய்வாளர்களில் ஒருவராவது முந்தைய ஆண்டுகளில் அந்தக் கருத்தரங்குக்குப் போயிருக்கிறாரா? நெறியாளருக்கு அமைப்பாளர்களில் யாரையாவது தெரியுமா? இரண்டுக்கும் இல்லை என்றால் அழிப்பது நல்லது.

மே 5

மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டிக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு காலத்தில் நான் அதை வெறும் மேடைக் காட்சி என்று நினைத்தேன். கலந்துகொண்ட பிறகு மாற்றிக்கொண்டேன்.

அது தொடங்கிய கதை எனக்குப் பிடிக்கும், என் துறை நீர் என்பதால் இன்னும் கூடுதலாக. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கடும் வறட்சி. குளியலை அளந்து குளியுங்கள் என்று சொல்லியிருந்ததால் பல வீடுகளின் குளியலறைச் சுவரில் மூன்று நிமிட மணல் கடிகாரம் ஒட்டியிருந்தது. குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வுப் பள்ளியின் தலைவராக இருந்த ஆலன் லாசனுக்கு அதைப் பார்த்து வந்த யோசனைதான் இது. 2008இல் முதல் போட்டி. ஒரே ஒரு அசையாத ஸ்லைடு, மூன்று நிமிடம், கையில் எந்தப் பொருளும் கூடாது. எண்பதாயிரம் சொல் கொண்ட ஆய்வேட்டை வாசித்தால் ஒன்பது மணி நேரம் ஆகும் என்பார்கள்.

எனக்குப் பயன்பட்டது போட்டி நாள் இல்லை, அதற்கு முந்தைய ஒத்திகைகள். எங்கள் குழுவில் இருந்த ஒரு வரலாற்று மாணவர் "நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் அது ஏன் முக்கியம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மூன்று ஆண்டு உழைத்திருக்கிறேன், அந்த ஒரு வாக்கியம் என்னிடம் இல்லை. அன்றிரவு எழுதிய வாக்கியம் இப்போது என் ஆய்வேட்டின் முதல் வாக்கியம். போட்டியில் முதல் சுற்றைத் தாண்டவில்லை.

மே 6

தாண்டினேன். இரண்டாம் சுற்றில்தான் வெளியே வந்தேன். நாட்குறிப்பு சொல்கிறது. நினைவை நம்பி எழுதினால் இப்படித்தான்.

ஜூன் 20

உங்கள் போஸ்டர் ஏற்கப்பட்டுவிட்டது என்ற செய்தி மகிழ்ச்சியாக இருக்கிறது. நெறியாளர் சம்மதித்ததும்! அந்த ஒரு பக்கக் கடிதம் வேலை செய்திருக்கிறது.

போஸ்டரைப் பற்றி. 2019இல் மைக் மோரிசன் என்ற உளவியல் ஆய்வு மாணவர் ஒரு காணொளி போட்டார். நடுவில் பெரிய எழுத்தில் முடிவை ஒரே வாக்கியமாக எளிய மொழியில் எழுது, மற்றதை ஓரத்தில் வை, விவரம் வேண்டுபவருக்குக் கியூஆர் குறியீடு கொடு என்பது அவர் யோசனை. பலர் அப்படியே பின்பற்றினார்கள், சிலர் தரவு மறைந்துபோகிறது என்று எதிர்த்தார்கள். நான் இடைவழியில் செய்தேன். வாக்கியம் பெரிதாக மேலே, அதன் கீழே ஒரே ஒரு வரைபடம், அதுவும் பெரிதாக. காற்றழுத்தக் கதை என் வரைபடம் படிக்கும்படி இருந்ததால்தான் நடந்தது. வாக்கியம் மட்டும் இருந்திருந்தால் அவனுக்குச் சந்தேகமே வந்திருக்காது.

பேசுவதைப் பற்றி. காலையிலேயே போஸ்டர் பட்டியலைப் படித்து நான்கை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய பெயர்கள் வேண்டாம், உங்கள் வேலையைச் செய்பவர்கள் வேண்டும். ஒவ்வொருவரிடமும் "இதில் உங்களுக்கு எது சரியாக வரவில்லை?" என்று கேளுங்கள். வந்ததைச் சொல்லிச் சொல்லி அவர்களுக்கு வாய் வலித்திருக்கும். வராததைக் கேட்டால் முகம் மலர்ந்து சொல்வார்கள், நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது. நான்கு முடிந்ததும் வெளியே போய்த் தனியாக உட்காருங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம்.

மூன்று நாட்களுக்குள் எழுதுங்கள். "சந்தித்ததில் மகிழ்ச்சி" என்று மட்டும் எழுதினால் பதில் எழுத அவருக்கு ஒன்றும் இருக்காது. ஏதாவது ஒன்றை இணைத்து அனுப்புங்கள், பேசிய கட்டுரை, ஒரு படம், ஒரு பத்து வரி நிரல். கையெழுத்தின் கீழே உங்கள் ஆர்கிட் (ORCID) எண்ணையும், அதாவது ஆய்வாளர் அடையாள எண்ணையும், போடுங்கள். அந்தப் பதினாறு இலக்கம் 2012இலிருந்து வந்தது. பெயரை எப்படி எழுதினாலும், நாளை வேறு பல்கலைக்கழகம் போனாலும், உங்கள் வேலை உங்களோடு வரும். நம் பெயர்களில் முன்னெழுத்து ஒரு கட்டுரையில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் போகிறது, நமக்கு இது இரட்டிப்புப் பயன்.

ஜூன் 21

ஒன்றைத் திரும்பப் பெற வேண்டும். மார்ச் 2 அன்று சான்றிதழ் வெறும் தாள் என்று எழுதினேன். உங்கள் ஆய்வகத் தோழி இங்கேயே எனக்குப் பதில் எழுதியிருக்கிறார். அந்தக் கோப்பை வைத்துத்தான் அவரை ஒரு பட்டறைக்கு உதவியாளராக எடுத்தார்களாம். இப்போது அவரே பாடம் எடுக்கிறார், ஒட்டுத்தாள் பார்த்து ஓடி வருகிறவர் அவர்தான். நான் அவரைப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கிறேன். கற்றுக்கொடுக்கப் போவதுதான் பயிற்சிகளில் மிக ஆழமானது என்று இப்போது படுகிறது. பத்துப் பேர் பத்து விதமாகப் பிழை செய்வதைப் பார்த்தால் நமக்குத் தெரியாதது எது என்று தெரிந்துவிடும்.

அவரிடம் கேளுங்கள், அடுத்த பட்டறையில் உங்களையும் உதவியாளராகச் சேர்த்துக்கொள்வாரா என்று.

ஜூலை 18

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான்கு பேரைக் குறித்து, மூவரிடம் பேசி, நான்காமவர் வராததால் காலியாக இருந்த போஸ்டர் முன் நின்றபோது அந்தப் பக்கமாக வந்த இன்னொருவரிடம் நாற்பது நிமிடம் பேசியிருக்கிறீர்கள். அவருக்கும் அதே இரண்டு மகரந்த வகைகள் குழப்புகின்றனவாம். நீங்கள் எப்போதும் முதல் வகையில் சேர்ப்பதை அவர் எப்போதும் இரண்டாம் வகையில் சேர்க்கிறாராம். இருவரும் ஆளுக்கு இருபது நுண்ணோக்கிக் கண்ணாடி ஸ்லைடு மாற்றிக்கொண்டு, ஒருவர் எண்ணிக்கையை ஒருவர் பார்க்காமல் எண்ணி ஒப்பிடலாம் என்று அவர் கேட்டிருக்கிறார். நெறியாளர் என்ன சொல்வாரோ என்று யோசிக்கிறீர்கள். ஒரு பக்கம் எழுதுங்கள், முன்பு எழுதியது போலவே. உங்கள் இரண்டாம் அத்தியாயத்தின் அத்தனை எண்களும் அந்த இரண்டு வகைகளைப் பிரிப்பதில் இருக்கிறது என்று முதல் வரியில் எழுதுங்கள்.

அவருக்கு இன்றைக்கே பதில் போடுங்கள், மூன்று நாள் நாளையோடு முடிகிறது. ஸ்லைடுகளுக்கு 1 முதல் 20 வரை மட்டும் எண் போடுங்கள், எங்கிருந்து எடுத்தது என்று எழுத வேண்டாம், அது கண்ணில் பட்டால் எண்ணுபவரின் கை சாயும். எண்ணைக் கண்ணாடியின் சொரசொரப்பான ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹால் பட்டால் போய்விடும்.